திரையில் இல்லாத வரி

மகனே,

கடிதம் என்றால் எல்லோரும் நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அதற்கு வழியில்லை. காலையில்தான் உனக்கு இட்லி வைத்தேன். மூன்று தின்றாய், நான்காவதைக் கையால் மறைத்து வேண்டாம் என்றாய். நீ நலமாகத்தான் இருக்கிறாய். நான் எண்பது வயதில் ஒருத்தி எப்படி இருப்பாளோ அப்படி இருக்கிறேன். ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துத் தூங்குகிற இரண்டு பேருக்குள் கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். நேரில் பேச ஆரம்பித்தால் நீ பேப்பரைப் பிரித்துக்கொள்வாய், இல்லாவிட்டால் டி.வி. சத்தத்தைக் கூட்டுவாய். அதனால் எழுதுகிறேன். நீ ஆபீசுக்குப் போன பிறகு, வெயில் வராத பக்கமாக பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கை ஓய்ந்துபோகிற வரைக்கும் எழுதுகிறேன். இன்று திங்கட்கிழமை. வெள்ளிக்குள் முடித்து உன் மேஜைமேல் வைத்துவிட வேண்டும் என்று எண்ணம்.

நேற்று சாப்பிடும்போது நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்துபோய்விட்டேன். உன் பெண்டாட்டி வசந்தா வீட்டை விட்டுப் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மாமாவும் தங்கை வீட்டுக்காரரும் இங்கே வருகிறார்கள், நம் பக்கத்திலிருந்து உன் சித்தப்பாவும் வருகிறார், உட்கார்ந்து பேசப் போகிறார்கள் என்று சொன்னாய். "அவளுக்கு மனசு சரியில்லன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடும்மா. தனியா உக்காந்து பேசிக்கிறா. சமையல்கட்டுல நின்னுகிட்டு யார்கிட்டயோ பதில் சொல்றா. நீ கூடவே இருந்து பாத்தவ. நான் சொன்னா புருஷன் எதையோ மறைக்கறான்னு நினைப்பாங்க. நீ சொன்னா நம்புவாங்க." இவ்வளவுதான் நீ கேட்டது. ஒரு வார்த்தை. நீ சொன்னதில் பொய்யும் இல்லை. அவள் தனியாகப் பேசிக்கொண்டதை நானும் கேட்டிருக்கிறேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் ஏன் சொல்லமாட்டேன் என்பது உனக்குப் புரிய வேண்டுமானால், உன் அப்பாவிடம்கூட நான் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். ஏதோ பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் திருத்தவில்லை. நான் வேலை பார்த்தது சினிமா கொட்டகையில்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். என் அப்பா அச்சாபீசில் எழுத்துக் கோர்ப்பவர். ஈய எழுத்துத் தூசி நெஞ்சில் இறங்கி, நாற்பத்தைந்து வயதிலேயே நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். வேலைக்குப் போக முடியாமல் வீட்டோடு இருந்தார். அம்மா இல்லை. எனக்குக் கீழே இரண்டு பேர். எட்டாவது வரைக்கும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன், அப்பா வீட்டிலேயே தெலுங்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தார். எனக்குத் தெரிந்தது படிப்பது ஒன்றுதான். அதற்குக் கூலி கொடுப்பார்கள் என்று அதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ராயப்பேட்டையைத் தாண்டி, டிராம் போகிற பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி அந்தக் கொட்டகை இருந்தது. தகரக் கூரை, முன்னால் மட்டும் காரை வைத்துக் கட்டி இரண்டு தூண் நிறுத்தியிருந்தார்கள். இன்று அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. போன வருஷம் கண் டாக்டரிடம் நீ கூட்டிக்கொண்டு போனபோது ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தேன், ஏதோ துணிக்கடையும் பாத்திரக்கடையுமாக இருந்தது. அந்தக் காலத்துப் படத்தில் பேச்சு கிடையாது. ஆட்கள் வாயை அசைப்பார்கள், கண்ணை உருட்டுவார்கள், அப்புறம் படம் நின்று கறுப்பில் வெள்ளை எழுத்தாக அவர்கள் என்ன சொன்னார்கள் என்று வரும். இங்கிலீஷ், தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி என்று அடுக்காக வரும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு பாஷையும் படிக்கத் தெரியாது. அதனால் ஆண்கள் பக்கத்தில் திரை ஓரமாக ஒரு பெரிய குரல்காரர் நின்று படித்துச் சொல்வார். அவர் படிப்பதோடு நிறுத்தமாட்டார், நடுநடுவே பச்சையாக ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். பெண்கள் பக்கம் துணித் தடுப்புக்குப் பின்னால் தனியாக இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் கௌரவமான வீட்டுப் பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குத்தான் மேனேஜர் ஒரு யோசனை பண்ணினார். குரல்காரர் ஆண்கள் பெஞ்சுகளுக்குப் பின்னால் போய் நிற்கட்டும், பெண்கள் பக்கத்தில் ஒரு பெண்ணே உட்கார்ந்து படிக்கட்டும் என்றார். அச்சாபீசில் கொட்டகைக்கு நோட்டீஸ் அடிப்பார்கள், அந்த வழியாக என் அப்பாவின் காதுக்கு வந்தது. அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "எழுத்தைப் படிக்கறதுல பாவம் ஒண்ணும் இல்ல, போ" என்றார்.

உள்ளே போய் முதல் நாள் உட்கார்ந்தது இன்னும் உடம்பில் இருக்கிறது. விசிறி கிடையாது. பெஞ்சுகளில் நெருக்கியடித்து நூறு பெண்கள், மடியில் குழந்தைகள், மல்லிகை, வேர்வை, வெற்றிலை, குழந்தை மூத்திரம் எல்லாம் கலந்த ஒரு வாடை. மூடு துணி போட்ட ஜட்கா குதிரைவண்டியில் வந்து இறங்குகிற பணக்காரப் பெண்களும் அங்கேதான், சந்தையில் கீரை விற்றுவிட்டுக் கூடையோடு வருகிறவளும் அங்கேதான். விளக்கை அணைத்த பிறகுதான் தடுப்புத் துணியை விலக்குவார்கள், மறுபடி விளக்கு வருவதற்குள் இழுத்துவிடுவார்கள். நான் சுவர் ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து எழுத்து வரும்போதெல்லாம் உரக்கப் படிப்பேன். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. முதல் வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. அப்புறம் பழகிவிட்டது. வீட்டில் யாரும் என்னை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அங்கே நான் வாயைத் திறந்தால் நூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். அது ஒரு ருசி, உனக்கு எப்படிச் சொல்வது. கொஞ்ச நாளில் நான் எழுத்தில் இல்லாததையும் சேர்க்க ஆரம்பித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. 'ஐயோ' என்று இருந்தால் 'ஐயோ, நான் என்ன செய்வேன்' என்று படிப்பேன். அழுதார்கள். நான் படித்ததற்கு அழுதார்கள் என்று பெருமையாக வீட்டுக்கு நடந்துவருவேன்.

சனிக்கிழமை பகலாட்டத்துக்குத் தவறாமல் ஒருத்தி வருவாள். தனபாக்கியம் என்று பெயர். என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. என் முக்காலிக்குப் பக்கத்து பெஞ்சில்தான் எப்போதும் உட்காருவாள். அவள் புருஷன் ஜட்கா ஓட்டுகிறவன், கொட்டகை வாசலிலேயே வண்டி போடுவான். அவன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டுவந்து அதே வீட்டில் வைத்திருந்தான். இரண்டு பேருக்கும் இவள்தான் சமைத்துப் போட வேண்டும். இதை அவளே என்னிடம் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை, வெயில் அதிகம் என்பதைப் போலச் சொன்னாள். சனிக்கிழமை பகலில் அவர்கள் இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள், அதனால்தான் அவனே இவளைக் கொட்டகைக்கு அனுப்பிவைக்கிறான் என்பதையும் அப்படியேதான் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை ஒரு படம் வந்தது. அதிலும் ஒரு மனைவி, அதிலும் புருஷன் இன்னொருத்தியைக் கொண்டுவருகிறான். நடுவில் ஒரு கட்டம். அவள் வீட்டு வாசற்படியில் வெளியே பார்த்தபடி நிற்கிறாள். முகம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. அந்த முகத்தில் எல்லாம் இருந்தது. அப்புறம் எழுத்து வந்தது. 'எது நேர்ந்தாலும் கணவன் காலடியே எனக்குக் கதி' என்று இருந்தது. எனக்குப் பக்கத்தில் தனபாக்கியம் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். எனக்கு அந்த வரியைப் படிக்கப் பிடிக்கவில்லை. 'இந்த வீட்டில் இனி எனக்கு என்ன இருக்கிறது, நான் போகிறேன்' என்று படித்தேன். தெலுங்கிலும் அப்படியே சொன்னேன். அடுத்த கட்டத்தில் அவள் கோயிலில் நின்று அழுதாள். அது நான் சொன்னதற்கும் பொருந்தியது. ஆண்கள் பக்கத்துக் குரல் எங்கள் வரை வராது, படிக்கத் தெரிந்த பெண்கள் பகலாட்டத்துக்கு வருவதும் அபூர்வம்; யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான்கூட வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் கொட்டகையிலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டான். போனால் மேனேஜர் அறைக்கு வெளியே ஜட்காக்காரன் நிற்கிறான், தனபாக்கியத்தின் அண்ணன் நிற்கிறான், தூரத்தில் பெண்கள் வாசலை ஒட்டி அவள் குழந்தையோடு நிற்கிறாள். சனிக்கிழமை படம் விட்டதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மந்தைவெளியில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, "படத்துலயே போட்டிருக்கு அண்ணே, போகலாம்னு எழுத்துலயே போட்டிருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். எழுத்தில் இருந்தால் அது நாலு பெரிய மனிதர் ஒத்துக்கொண்ட விஷயமாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். அவள் அண்ணனும் அப்படித்தான் நினைத்தான். நல்லவன். வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தான். அதற்குள் புருஷன் வந்து வாசலில் சத்தம் போட்டிருக்கிறான். கடைசியில் கொட்டகையிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்று எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"இன்னா சார் இது, காசு குடுத்து பயாஸ்கோப்பு பாக்க அனுப்புனா, பொம்பளைங்களுக்கு வூட்ட வுட்டு ஓடுன்னு சொல்லிக் குடுத்துகினு கீறீங்க?" என்றான் ஜட்காக்காரன். மேனேஜர் நிதானமான மனிதர். என்னைப் பார்த்து, "நீ என்னம்மா படிச்சே?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "எதுக்கு வாய்ப்பேச்சு, அந்த ரீலையே ஓட்டிப் பாத்துடலாம்" என்றார். காலை நேரத்தில் காலிக் கொட்டகைக்குள் எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய், கதவை எல்லாம் சாத்திவிட்டு அந்த ஒரு ரீலை ஓட்டினார்கள். தகரக் கூரையில் ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் வாசற்படியில் நின்றாள். முகம் பெரிதாக வந்தது. எழுத்து வந்தது. மேனேஜர் படித்தார், அப்புறம் என்னையும் படிக்கச் சொன்னார். எழுத்தில் இருந்தபடி படித்தேன்.

"சனிக்கிழமையும் இதையேதான் படிச்சியா?"

என் அப்பா பாயில் உட்கார்ந்து இருமுவது எனக்குத் தெரிந்தது. தங்கைகள் தெரிந்தார்கள். இதெல்லாம் காரணம் என்று இத்தனை வருஷமாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது சொல்கிறேன், அதைவிடப் பெரிய காரணம் பயம். நாலு ஆண்கள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதையேதான் சார் படிச்சேன். அவங்களுக்கு எப்படிக் கேட்டுச்சோ எனக்குத் தெரியாது" என்றேன்.

ஜட்காக்காரன் சிரித்தான். அவ்வளவு கோபமாக வந்தவன், பாரம் இறங்கின மாதிரி சிரித்தான். "அதான் பாத்தேன். இவளுக்கு மண்டைக்குள்ள கேட்டுகீது" என்றான். தனபாக்கியம் என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், "நீ படிச்சது எனக்கு நல்லாக் கேட்டுச்சு தங்கச்சி" என்றாள். அவள் அண்ணன், "வாய மூடு" என்றான். தங்கை புருஷனோடு சண்டை போட்டு வந்திருந்தால் வைத்துக்கொண்டிருப்பான். இல்லாததைக் கேட்டுக்கொண்டு வருகிறவளை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? அவனுக்கும் பெண்டாட்டி இருந்தாள், குழந்தைகள் இருந்தார்கள். அங்கேயே, கொட்டகை வாசலிலேயே, அவளைப் புருஷனுடைய வண்டியில் ஏற்றிவிட்டான். அவள் அழவில்லை. ஏறும்போது குழந்தையின் தலை இடித்துவிடாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டு ஏறினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை எழுதியதோடு கை வீங்கிவிட்டது, அதனால் செவ்வாய்க்கிழமை எழுதவில்லை. இன்று புதன். நேற்று சாயங்காலம் என் கையைப் பார்த்துவிட்டு நீயே தைலம் வாங்கிவந்தாய். உன்னிடம் இல்லாதது அன்பு என்று நான் எழுதப் போவதில்லை மகனே. அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம் நான் ஒன்றரை வருஷம் அங்கே படித்தேன். ஒரு எழுத்துக்கூடச் சேர்த்துப் படிக்கவில்லை. தனபாக்கியம் ஒரு நாளும் வரவில்லை. அப்புறம் பேசுகிற படம் வந்துவிட்டது, படித்துச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை, எனக்குக் கல்யாணம் ஆனது. துறைமுகத்தில் குமாஸ்தா என்று உன் அப்பா வந்தார். மூன்று குழந்தைகள் தங்கவில்லை, நீ தங்கினாய். நான் அவளை மறந்துதான் போயிருந்தேன். உனக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு நாள் ராயப்பேட்டை மார்க்கெட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு சந்து முனையில் நாலைந்து பிள்ளைகள் ஒரு பொம்பளையைச் சுற்றிக்கொண்டு, "சினிமா பைத்தியம், சினிமா பைத்தியம், படத்துல இன்னா போட்டுகீது?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் பையோடு, யாரையும் பார்க்காமல், தானாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. காய் விற்கிறவளிடம் கேட்டேன். "இருவது வருசமா அப்டித்தான் கூப்புடுதுங்கம்மா. அதுவும் யாராண்டயும் பேசாது. பொண்ணக் கட்டிக் குடுத்தாங்க, அவங்க வூட்லயும் இது கதைதான், ஆத்தா பைத்தியம்னு" என்றாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்தாய். உன் மேல் தப்பில்லை, உனக்கு ஆறு வயது. நான் உன்னை அதட்டியிருக்க வேண்டும். இல்லை, ஓடிப்போய் அவள் எதிரில் நின்றிருக்க வேண்டும். தெருவில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, அவள் காதில் விழுந்தது சரிதான், நான்தான் அப்படிப் படித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் குரல் அப்போதும் நல்ல குரல்தான். நான் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு உன்னோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எழுத்தில் இல்லாததைப் படித்தது தப்பா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஒருத்தியின் குடும்பத்தில் மூக்கை நுழைத்தேன், சின்ன வயசு, திமிர், எல்லாம் உண்மை. ஆனால் அதனால் அவள் கெட்டுப்போகவில்லை. அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் பிழைத்திருப்பாள். அவளைக் கெடுத்தது நான் அப்புறம் சொன்னது. அவளுக்கு எப்படிக் கேட்டதோ எனக்குத் தெரியாது என்று சொன்னேனே, அது. அதை வைத்துத்தான் அவளைப் பைத்தியம் என்றார்கள். நான் மெத்தப் படித்தவள், கொட்டகைக்காரி, நான் சொன்னதால் நம்பினார்கள். நீயும் ஞாயிற்றுக்கிழமை அதைத்தானே சொன்னாய், நான் சொன்னால் நம்புவார்கள் என்று.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். உனக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாய். கையை ஓங்கமாட்டாய். பேசமாட்டாய், அவ்வளவுதான். உன் அப்பாவும் அப்படித்தான். அவர் பதினைந்து நாள், இருபது நாள் பேசாமல் இருப்பார். அதை அதிர்ந்து பேசாத மனுஷர் என்று ஊரெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், உன் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன். நீ அதைக் கற்றுக்கொண்டதில் என் பங்கு அது. ஆனால் நீ அப்பாவைத் தாண்டிவிட்டாய். போன வருஷம் தீபாவளிக்கு வசந்தா உன்னைக் கேட்காமல் தன் அப்பாவைப் பார்க்க நங்கநல்லூருக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள் என்று ஆரம்பித்தாய். ஒன்பது மாதம். ஒன்பது மாதம் அவளோடு ஒரு வார்த்தை கிடையாது. "காப்பியில சக்கரை ஜாஸ்தின்னு அவகிட்ட சொல்லும்மா." "நாளைக்கு நான் வர லேட்டாகும்னு அவகிட்ட சொல்லும்மா." அவள் இரண்டடி தள்ளி நிற்பாள். நான் திரும்பி அதையே அவளிடம் சொல்வேன். அவள் என்னிடம் பதில் சொல்வாள், நான் உன்னிடம் சொல்வேன். இது ஒரு குடும்பம் நடத்துகிற விதமா என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. டெலிபோனுக்கு நீ பூட்டுப் போட்டபோதும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளிடம் பேசிவிட்டு வருகிறவள், வீட்டுக்குள் வந்தால் பேச ஆளில்லாமல் அடுப்பிடம் பேச ஆரம்பித்தாள். அதைத்தான் நீ மனசு சரியில்லை என்கிறாய்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. காலை எட்டரை மணிக்கு போன் வந்தது. நீதான் எடுத்தாய். 'சரி' என்று ஒரு சொல் சொல்லி வைத்துவிட்டு, ஷூவைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டாய். அவள் ஏற்கெனவே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாள். சாயங்காலம் அவள் வந்து காலைக் கழுவும்போது மறுபடி போன் வந்தது. அவள் அப்பா காலையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, மூன்று மணிக்குப் போய்விட்டார். காலையிலேயே சொன்னோமே, ஒரு ஆண் குரல் எடுத்ததே என்று அவர்கள் சொன்னார்கள். நீ வந்ததும் அவள் உன்னைக் கேட்டாள். நீ அவளைத் தாண்டி என்னைப் பார்த்து, "நான்தான் அவளோட பேசறதில்லையே" என்றாய். என் வயிற்றில் பிறந்த பிள்ளை சொன்ன வார்த்தை அது. அன்றைக்காவது நான் பேசியிருக்க வேண்டும். அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, உனக்கு இரண்டு தோசை வார்த்துக் கொடுத்தேன். நீ சாப்பிட்டாய்.

இன்று வெள்ளி. முடிக்க வேண்டும், எனக்கும் அலுத்துவிட்டது. எண்பது வயதில் பிள்ளையோடு மல்லுக்கட்டுகிற தெம்பு எனக்கு இல்லை. உன்னை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வயதான அம்மா மகன் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போவதுதான் லட்சணம் என்று உலகமும் சொல்லும். ஆனால் நீ நினைத்துக்கொண்டிருப்பதில் ஒன்று தப்பு. அவள் தானாகப் போகவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து திரும்பிவந்து பத்து நாள் இருந்தாள் இல்லையா, அப்போது ஒரு மத்தியானம் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "அத்தை, எனக்கே நான் பேசறது சத்தமா பேசறேனா மனசுக்குள்ள பேசறேனான்னு தெரியல. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்புறம், "போ" என்றேன். "தங்கச்சி வீட்டுக்குப் போ. இங்க இருந்தா உனக்கு நிஜமாவே ஏதாவது ஆயிடும்" என்றேன். அவள் தயங்கினாள். நான்தான் பரண்மேல் இருந்த பெட்டியை வாட்ச்மேனை விட்டு எடுக்கச் சொன்னேன். புடவைகளை மடித்துக் கொடுத்தேன். கீழே இறங்கி ஆட்டோவை நான்தான் பேசினேன். நீ வந்து கேட்டபோது, "எனக்குத் தெரியாது, தூங்கிட்டிருந்தேன்" என்றேன். அந்தப் பொய்யைத்தான் இந்தக் கடிதத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அவள் புத்தி தெளிவாக இருக்கிறது, அவளைப் போகச் சொன்னவள் நான், ஏன் சொன்னேன் என்றால் இன்னது இன்னது நடந்தது என்று, போன் வந்ததையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். வயசாகிவிட்டது, அம்மாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று நீ அவர்களிடம் சொல்லலாம். நான் மறுத்துப் பேசமாட்டேன். அதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன். அப்புறம் என்னை நீ என்ன செய்கிறாயோ செய், அதற்கு நான் தயாராகத்தான் இருக்கிறேன்.

அதற்கு நடுவில் சனிக்கிழமை ஒன்று இருக்கிறது. உனக்கு லீவு. நங்கநல்லூர் ஒன்றும் தூரமில்லை. அவளைக் கூட்டிவரலாம் என்று நினைத்துக்கொண்டு போகாதே, அவள் வரமாட்டாள், வர வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். அன்று காலையில் போன் வந்தது, நான்தான் எடுத்தேன், உன்னிடம் சொல்லவில்லை என்று அவளிடம் சொல்வதற்காகப் போ. அவள் தங்கை கதவைத் திறந்தால் திரும்பிவிடாதே, வசந்தா வருகிற வரைக்கும் நில். யார் மூலமும் சொல்லி அனுப்பாதே, நானும் கூட வரமாட்டேன். அவள் வந்து நின்றதும் நீ பேசு. உன் வாயால் பேசு.

அம்மா